தனிப் பாத்திரம்

இங்கே யாரும் பாலைக் காய்ச்சுவதில்லை. கடையில் வாங்கிய பாலை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து, சில்லென்று டம்ளரில் ஊற்றிக் குடித்துவிட்டு வகுப்புக்குப் போய்விடுகிறார்கள். அயர்லாந்துக்கு வந்த புதிதில் இதைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். நான் புதுச்சேரிப் பக்கம் பாகூர் கொம்யூனில் சோரியாங்குப்பத்துக்காரன். எங்கள் வீட்டில் பால் என்றால் அடுப்பில் ஏறி, பொங்கி, அடங்கி, மறுபடியும் ஒருமுறை பொங்கி இறங்க வேண்டும். அதுவரைக்கும் அது மாட்டுடைய பால்தான், நம்முடையது அல்ல. அந்தப் பழக்கத்தில் இங்கேயும் தினமும் காலையில் ஒரு சின்னப் பாத்திரத்தில் பாலை ஊற்றி, அது பொங்கும்வரை பக்கத்திலேயே நிற்பேன். ஒரே சமையலறையைப் பங்குபோட்டுக்கொள்ளும் மார்த்தா, போலந்துக்காரப் பெண், ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டாள்: “அது ஏற்கெனவே காய்ச்சிய பால் என்று டப்பாவிலேயே எழுதியிருக்கிறதே?” தெரியும் என்றேன். “பிறகு ஏன்?” என்றாள். “அது அவங்க காய்ச்சினது” என்றேன். அவள் என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தன் சூப்பைக் கிளறிய கரண்டியை நக்கி, அதே கரண்டியை மறுபடியும் சூப்புக்குள் விட்டாள். இப்போது நான் அவளைப் பார்த்தேன். எங்கள் இரண்டு பேருக்குமே எதிராளி சுத்தம் தெரியாத ஆளாகத் தெரிந்தார்.

ஊரில் இதைப் படிப்பவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இங்கே படிக்க வரும் பிள்ளைகளுக்குச் சாப்பாட்டுச் சுத்தம் பற்றித் தெரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். மாணவர் குடியிருப்பில் சேர்ந்த உடனேயே இணையத்தில் ஒரு பயிற்சி வைத்தார்கள். பச்சைக் கறியை ஃப்ரிட்ஜின் எந்தத் தட்டில் வைக்க வேண்டும், வடித்த சோற்றை எவ்வளவு நேரம் வெளியே விடலாம், உறைந்த கோழியை எப்படி இளக்க வேண்டும் என்றெல்லாம் கேள்விகள். நான், மார்த்தா, நசீர் மூன்று பேருமே தேறிவிட்டோம். நசீர் மதகடிப்பட்டுக்காரன். அவன் அத்தாவுக்கு அங்கே பிரியாணிக் கடை. நானும் அவனும் புதுச்சேரியில் ஒரே கல்லூரி, ஒரே பேருந்து, இங்கே வந்ததும் ஒன்றாகத்தான். அவன் இன்னும் ஒருபடி மேல். மாலையில் ஓர் உணவகத்தில் வேலை பார்ப்பதால் அதற்கென்று தனிப் பயிற்சி முடித்து, சான்றிதழை ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தான். அந்தச் சான்றிதழுக்கு நேர் எதிரே, சிங்கில் கோழியைச் சுடுதண்ணீரில் போட்டுவிட்டுத் தூங்கப் போவான். உணவகத்தில் கறிக்குச் சிவப்புப் பலகை, காய்க்குப் பச்சைப் பலகை என்று பார்த்துப் பார்த்து வெட்டுகிறவன், இங்கே கறி வெட்டிய பலகையிலேயே தக்காளி வெட்டுவான். கேட்டால், “அது வேலடா. இது வூடு” என்பான். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கல்லூரியில் படித்தபோது எங்களுக்கிருந்த ஒரே சட்டம், கூட்டம் இருக்கிற கடையில் சாப்பிடு என்பதுதான். கூட்டம் இருந்தால் சரக்கு நிற்காது, சரக்கு நிற்காவிட்டால் கெடாது. அந்தச் சட்டத்தை நம்பித்தான் பரோட்டாவும் சால்னாவுமாக மூன்று வருஷம் ஓட்டினோம். அவ்வப்போது வயிறு கெட்டால் அதை யாரும் கடையோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. சூடு பிடித்துக்கொண்டது என்போம்.

டெக்லன் ஜனவரியில் வந்தான். நான்காவது அறையில் இருந்த பையன் காலி செய்துவிட்டுப் போக, அந்த இடத்துக்கு வந்தவன். உயரமான உருவம், வெளுத்த முகம், யாரிடமோ மன்னிப்புக் கேட்பதுபோலத் தலையைக் கொஞ்சம் சாய்த்துப் பேசுவான். அவன் அறைக்குள் தனியாக ஒரு சின்ன ஃப்ரிட்ஜ் இருந்தது. தட்டு, வாணலி, கத்தி, பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்ச்கூட ஒரு டப்பாவில் போட்டுச் சமையலறைக்கு எடுத்து வருவான். முட்டையைக் கல்லாகும்வரை பொரிப்பான். டப்பாவோடு அறைக்குத் திரும்பி, கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுவான். தனி வாணலி எங்களுக்குப் புதிதல்ல. மார்த்தா பன்றிக் கறி சமைப்பாள் என்பதால் நசீருக்கும் தனி வாணலி உண்டு. அதில் யாருக்கும் வருத்தமில்லை, மார்த்தாவே அதைத் தொடாமல் தள்ளி வைப்பாள். ஆனால் டெக்லன் நிறைய மாத்திரை போடுவதைப் பார்த்தேன். உடம்பு சரியில்லாத பையன் என்று புரிந்தது. ஊரில் காய்ச்சல்காரன் வீட்டுக்கு வெறுங்கையோடு போவோமா? இந்த நகரத்தில் தமிழ்ப் பிள்ளைகள் வீட்டுக்கு வீடு உறைமோர் வாங்கிக்கொண்டு போய்த் தயிர் தோய்ப்போம். அப்படித் தோய்ந்த தயிரில் சோற்றைக் குழையப் பிசைந்து, சின்ன வெங்காயத்தைப் பச்சையாக அரிந்து போட்டு, திராட்சையும் போட்டேன். சில்லென்று இருந்தால் நோயாளிக்கு ஆகாது என்று ஃப்ரிட்ஜில் வைக்காமல் காலையிலிருந்து வெளியிலேயே வைத்திருந்து, சாயங்காலம் அவன் வந்ததும் நீட்டினேன்.

டெக்லன் ஓரடி பின்னால் போனான். “நன்றி. ஆனால் என்னால் முடியாது” என்றான். கொஞ்சமாவது என்றேன். “மன்னித்துக்கொள். முடியாது” என்றான். சரி, பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று கிண்ணத்தை வைத்துவிட்டு, தேநீருக்குக் கெட்டில் சுவிட்சைத் தட்டிவிட்டேன். தண்ணீர் கொதித்து நான் ஊற்றிக்கொண்டு நகர்ந்ததும், அவன் சட்டைப் பையிலிருந்து ஈரத்தாள் ஒன்றை உருவி, கெட்டிலின் கைப்பிடியைத் துடைத்தான். நான் பிடித்த இடத்தை. பிறகுதான் தனக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டான்.

இதை எழுதுவது கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது. என் அப்பா கரும்பு வெட்டுக்குப் போகிறவர். சில பண்ணைக்காரர்கள் வீட்டில் குடிக்கத் தண்ணீர் கேட்டால் சொம்பைக் கையில் தர மாட்டார்கள். அப்பா குனிந்து இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து ஏந்துவார். அவர்கள் உயரத்திலிருந்து ஊற்றுவார்கள். ஒருமுறை சாப்பாடு கொண்டுபோனபோது அதைப் பார்த்தேன். அப்பா அதைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தையும் பேசியதில்லை. எங்கள் வீட்டில் அம்மா, நான், தங்கை எல்லாரும் அண்ணாந்துதான் தண்ணீர் குடிப்போம். அப்பா மட்டும், வேலையிலிருந்து வந்ததும் சொம்பை இரண்டு கையாலும் பிடித்து, விளிம்பில் வாய் வைத்துக் குடிப்பார். அம்மா எச்சில் என்று எங்களைத் திட்டுவாள், அவரைத் திட்டமாட்டாள். “நம்ம கையால வாங்கித் துன்னாதவங்க வூட்டு வாசப்படிய நாம மெறிக்கக் கூடாது” என்று மட்டும் சொல்வாள். அதற்காகத்தான் என்னைப் படிக்க வைத்தார்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து படித்த முதல் ஆள் நான். விமானம் ஏறி இத்தனை தூரம் வந்து, இங்கேயும் நான் தொட்ட இடத்தை ஒருவன் துடைக்கிறான் என்றால் எனக்கு எப்படி இருந்திருக்கும்?

நசீர் வேலை முடிந்து வந்தபோது நான் அந்தத் தயிர்சோற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“இன்னாடா, மூஞ்ச தூக்கி வச்சிகினு ஒக்காந்திருக்க?”

சொன்னேன்.

“தயிர்சோறு வேணான்னான், அதுக்கா இந்த எழவு மூஞ்சி? எனக்கே உன் தயிர்சோறு வேணாம்.”

“கெட்டில தொடச்சாண்டா. நான் தொட்ட எடத்த.”

நசீரின் சிரிப்பு நின்றது. ஊரில் அந்தத் துடைப்புக்கு என்ன அர்த்தம் என்று அவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. “இரு, அவனையே கேட்டுர்றேன்” என்றான்.

“வேணாண்டா. வுடு.”

“வுட்டா நீ வருஷம் பூரா உள்ளயே வச்சிப் பொருமிகினு இருப்ப. எனக்குத் தெரியாது உன்ன?”

மறுநாள் காலையில் கேட்டேவிட்டான், சுற்றி வளைக்காமல்: “டெக்லன், எங்க கை அழுக்கா?” டெக்லனின் முகம் காதுவரை சிவந்தது. சட்டையின் கீழ் ஓரத்தைத் தூக்கிக் காட்டினான். அடிவயிற்றில் வளைந்த ஒரு தழும்பு. அவனுக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து, அவன் அண்ணன் ஒன்றைக் கொடுத்திருக்கிறான். வந்த உறுப்பை உடம்பு எதிரி என்று நினைத்துத் தாக்காமல் இருக்க மாத்திரை. அந்த மாத்திரை போட்டால் உடம்பு கிருமிகளையும் எதிர்க்காது. நமக்கு ஒருநாள் வயிற்றுப்போக்கோடு போவது அவனை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிடும். போன பருவத்தில் வேறொரு குடியிருப்பில் யாரோ அன்பாகக் கொடுத்த, முந்தின நாள் செய்து மேசையிலேயே இருந்த கோழிச்சோற்றைச் சாப்பிட்டு, அண்ணன் கொடுத்த சிறுநீரகத்தையே இழக்கும் நிலைக்குப் போய் வந்திருக்கிறான். படிப்பிலும் ஒரு பருவம் போயிற்று. “இன்னொரு முறை வந்தால் அவ்வளவுதான் என்று அம்மா சொல்லிவிட்டார். வசந்தத்தில் இந்த வீட்டைப் பார்க்க வருவார். பிடிக்கவில்லை என்றால் என்னைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்” என்றான். மேற்கே மலைப்பக்கம் ஆட்டுப் பண்ணை அவர்களுக்கு. அங்கே போய்விட்டால் திரும்ப வருவது நடக்காது. அவர்கள் வீட்டிலும் பல்கலைக்கழகம் வந்த முதல் ஆள் அவன்தான். பிறகு என்னைப் பார்த்து, “நான் எல்லாவற்றையும் துடைப்பேன். கதவு, குழாய், மார்த்தா தொட்டது, நானே தொட்டதுகூட. உன் சோறு நல்ல வாசனையாக இருந்தது. ராத்திரி முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்” என்றான். பச்சை வெங்காயமும், கழுவினதாகப் பேர் பண்ணிய திராட்சையும், வெளியில் ஒருநாள் கிடந்த சோறும். அவன் வேண்டாம் என்று சொன்னதற்கு இன்றுவரை நான் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அன்றைக்கே மார்த்தா விதிகளை அச்சிட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டினாள். எல்லாம் எங்களுக்குத் தெரிந்த விதிகள், நாங்களே தேறிய பாடம். சில நாள் நடந்தது. அப்புறம் நசீரின் பிரியாணிச் சட்டி மறுபடி அடுப்பு மேலேயே விடிந்தது. மார்த்தா மறுபடி கரண்டியை நக்கினாள். நான் கோழியைச் சன்னல் வெயிலில் இளக வைத்திருந்தேன், அதை எடுக்கும்போதுதான் என்ன செய்திருக்கிறேன் என்று உறைத்தது. டெக்லன் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. தன் டப்பாவோடு வந்தான், தன் டப்பாவோடு போனான். அவன் இன்னும் பொதுப் பாத்திரத்திலிருந்து ஒரு வாய் சாப்பிட்டிருக்கவில்லை. அவன் அம்மா வரும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

என் தங்கைக்கு அம்மை போட்டிருந்தபோது எங்கள் வீடு இருந்த விதம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எங்கள் பக்கத்தில் பிள்ளைக்கு நோய் என்று சொல்ல மாட்டார்கள். அம்மா வந்திருக்கிறாள் என்பார்கள். வாசலில் வேப்பிலை செருகிவிட்டால் அந்த வீட்டின் சட்டம் மாறிவிடும். தாளிப்பு கிடையாது, கறிமீன் கிடையாது, வெளியே போய் வந்தவர்கள் கைகால் கழுவாமல் உள்ளே வர முடியாது, அவளுடைய தட்டும் டம்ளரும் தனி. ஒதியம்பட்டிலிருந்து தாய்மாமன் வந்தார். எங்கள் வீட்டில் அவருக்கு மேல் மரியாதை யாருக்கும் இல்லை. அம்மா வாசலிலேயே கையை நீட்டி, “அண்ணே, அங்கயே நில்லு. உள்ள வராத” என்றாள். மாமன் முகம் சுளிக்கவில்லை. வாங்கி வந்த இளநீரை வாசலில் வைத்துவிட்டு, வெளியிலேயே உட்கார்ந்து நலம் விசாரித்துவிட்டுப் போனார். யாரும் யாருக்கும் காரணம் விளக்கவில்லை. அப்பா பீடியைக்கூடத் தெருமுனைக்குப் போய்க் குடித்தார். சாப்பாட்டு விஷயத்தில் அந்த வழக்கம் டெக்லனுக்கு நேர் எதிர் என்பது எனக்குத் தெரியும். அம்மைக்குக் கூழும் மோரும் கொடுப்போம், இவனுக்கு அது ஆகாது. ஆனால் அந்த ஒழுங்கு? அச்சடித்த தாளுக்கு வராத பயமும் அன்பும் அந்த வேப்பிலைக்கு எப்படி வந்தன?

“நசீரு, இத அம்மா வந்த வூடுன்னு நெனச்சிக்கடா” என்றேன்.

அவன் வாணலியை அப்படியே வைத்தான். “அப்பிடி சொல்லு” என்றான். “பக்கத்து வூட்ல அம்மா வந்துச்சின்னா எங்கம்மா மீனு வறுக்காது. அத்தா கேட்டாக்கூட, வாட போவும், வாய மூடிகினு ரசத்த ஊத்தித் துன்னுங்கன்னும்.”

மார்த்தாவுக்கு நான் என் ஆங்கிலத்தில் விளக்கினேன். தெய்வம் பிள்ளையின் உடம்பில் விருந்தாளியாக வந்திருக்கிறது, அது இருக்கும்வரை வீடு அதனுடையது என்று. அவள் கவனமாகக் கேட்டுவிட்டு, “அப்படியானால் டெக்லன் ஒரு பெண் தெய்வமா?” என்றாள். “ஆமாம். ஒழுங்கா நடந்துக்கோ” என்றான் நசீர். வேப்பிலைக்கு எங்கே போவது? பிரியாணிக்கு வைத்திருந்த பிரிஞ்சி இலைகளை நூலில் கோத்துச் சமையலறை நிலையில் கட்டினான். டெக்லன் வந்து அண்ணாந்து பார்த்து, விஷயத்தைக் கேட்டு, வெகுநேரம் சிரித்தான். அவன் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். “தெய்வத்துக்கு என்ன படைப்பீர்கள்?” என்றான். “நல்லா வெந்தது எதுன்னாலும்” என்றான் நசீர்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்த இலைக்குக் கீழே நுழையும்போது கை தானாகக் குழாய்க்குப் போனது. பழைய ஸ்பாஞ்ச் குப்பைக்குப் போயிற்று. சாப்பிடுகிற அளவு மட்டும் வடித்தோம், மிஞ்சினால் உடனே மூடி உள்ளே வைத்தோம். நசீர் தன் உணவகத்துப் பழக்கத்தையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்தான். குழம்புக்குள் குத்திப் பார்க்கிற வெப்பமானியும் ஒன்று வாங்கினான். நாங்கள் உப்புப் பார்ப்பதற்குக் கரண்டியிலிருந்து உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுக்கொண்டு ருசிப்போம் அல்லவா, அதை மார்த்தாவுக்குக் கற்றுக்கொடுத்தோம். முதல் தடவை கையைச் சுட்டுக்கொண்டு போலிஷ் மொழியில் எங்களை ஏதோ திட்டினாள். அப்புறம் கரண்டியை அவள் நக்கவே இல்லை.

டெக்லனின் அம்மா, வருவதாகச் சொன்ன நாளுக்கு முன்னாலேயே வந்து நின்றார். மதியம் நான் சாம்பார் கொதிக்க வைத்துக்கொண்டிருக்கிறேன். முட்டை வெந்துகொண்டிருக்கிறது. திரும்பினால் சமையலறை வாசலில் ஒரு பெண்மணி, மழைக்கோட்டும் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸுமாக. ஆடுகள் குட்டி ஈனும் பருவம் அது. தொழுவத்திலிருந்து நேராக வண்டி ஏறியிருக்கிறார். பூட்ஸில் சேறும் வைக்கோலும் அப்பியிருந்தன.

“டெக்லன் எங்கே? நான் அவன் அம்மா” என்றபடி ஒரு காலை உள்ளே வைத்தார்.

நான் யோசிக்கவே இல்லை. குறுக்கே போய் நின்று கையை நீட்டிவிட்டேன். “ப்ளீஸ். அங்கேயே நில்லுங்கள்.”

“என்ன?”

“பூட்ஸ் வெளியே. பிறகு கை.”

அவர் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். “நீ இங்கே சமையல்காரனா?”

“இல்லை. இங்கே குடியிருக்கிறேன்.”

“என் பிள்ளையைப் பார்க்க உன் அனுமதி வேண்டுமோ?”

பதற்றத்தில் எனக்கு வந்த ஆங்கிலம் அவ்வளவுதான்: “அனுமதி வேண்டாம். சோப்பு வேண்டும்.”

அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. குனிந்து, ஒவ்வொரு பூட்ஸாக இழுத்துக் கழற்றி வெளியே வைத்தார். காலுறையோடு உள்ளே வந்து, முழங்கைவரை சோப்புப் போட்டு நிதானமாகக் கழுவினார். குழாய்ப் பக்கம் தொங்கிய துணித் துண்டை எடுக்கப் போனவரிடம், “அதுவும் வேண்டாம்” என்று காகிதத் துண்டைக் காட்டினேன். “அதுவும் கூடாதா” என்றார். துடைத்துக்கொண்டே நிலையில் தொங்கிய இலைகளைப் பார்த்தார். இது என்ன என்றார். விருந்தாளி, தெய்வம், உள்ளே இருக்கிறது என்று நான் உளறினேன். ஆச்சரியமாக, அவர் தலையை ஆட்டினார். “எங்கள் வீட்டு வாசலிலும் மாதா கோயில் தீர்த்தக் கிண்ணம் உண்டு” என்றார். பிறகு ஃப்ரிட்ஜைத் திறந்தார். ஒவ்வொரு தட்டாகப் பார்த்தார். ஸ்பாஞ்சை எடுத்து முகர்ந்தார். நான் சாம்பாரைக் கிளறிக்கொண்டே இருந்தேன். பெற்ற தாயை வாசலில் நிறுத்தியவன் இருக்கிற வீட்டில் எந்தத் தாய் பிள்ளையை விட்டுப் போவாள்? என்னால்தான் இவன் படிப்பு போகப்போகிறது என்று நினைத்தேன்.

டெக்லன் குளித்துவிட்டு வந்து, அம்மாவைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான். அவனுக்குப் பின்னால் நசீரும் மார்த்தாவும். அவர் மகனிடம், “உன் பையைக் கட்டத்தான் வந்தேன்” என்றார். சாம்பார் மட்டும் கொதித்தது. “இந்தப் பையன் என்னை உள்ளே விடவில்லை, டெக்லன். நம் வீட்டில் நானே பூட்ஸோடு சமையலறைக்குள் நடக்கிறேன்.” ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். “சரி. சாப்பாடு என்ன?”

நசீர் வெப்பமானியைச் சாம்பாரில் விட்டுப் பார்த்து, என் பக்கம் திரும்பி, “நல்லா ஏறிக்கினுதுடா. போடு” என்றான். டெக்லன் அறைக்குப் போய்த் தன் தட்டை எடுத்துவந்து, முதன்முறையாக எங்கள் பாத்திரத்துக்கு நேரே நீட்டினான். அவன் அம்மா எழுந்து, மகன் வாயில் வைக்குமுன் தான் ஒரு கரண்டி எடுத்து ருசி பார்த்தார். கரண்டி மறுபடி பாத்திரத்துக்குப் போகுமுன் மார்த்தா ஓர் அலறல் அலறினாள். “இல்லை! கையில், கையில்!” என்று தன் உள்ளங்கையைக் குழித்துக் காட்டினாள். அந்த அம்மா திகைத்து, வேறு கரண்டியோடு நின்ற என் முன்னால் இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து ஏந்தினார். ஒரு கையே போதும், அவருக்கு அது தெரியாது. வெடித்துக் காய்த்த, உழைத்த கை. கரண்டியைத் தொடவிடாமல் உயரத்திலிருந்து மெல்ல ஊற்றினேன். அவர் கையிலிருந்தே உறிஞ்சிக் குடித்துவிட்டு, “உப்பு சரியாக இருக்கிறது” என்றார்.

டெக்லன் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டான். நெற்றியெல்லாம் வியர்த்தது. காரமா என்று அவன் அம்மா கேட்டதற்கு இல்லவே இல்லை என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே பொய் சொன்னான். போகும்போது அவர் வெளியே நின்று பூட்ஸை மாட்டிக்கொண்டு, “அடுத்த முறை வேறு செருப்புக் கொண்டுவருகிறேன்” என்று என்னிடம் சொன்னார். மகனுடைய பையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. என்னைப்போல இங்கே வந்து, யாராவது முகம் திருப்பினால் உடனே ஊர் நினைவு வந்து சுருங்கிப்போகிற தம்பி தங்கைகளுக்கு இதைத்தான் சொல்ல விரும்புகிறேன். சில நேரம் அது நீங்கள் நினைப்பதாகவே இருக்கும், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நசீர் மாதிரி ஒருவன் போய்க் கேட்டுவிட்டால் நல்லது. என் கையால் செய்ததை ஒருவன் தன் உயிரை ஒப்படைத்துச் சாப்பிட்டான், அவனைப் பெற்றவள் பார்த்துக்கொண்டிருக்கச் சாப்பிட்டான். இந்த ஊர் எனக்குக் கொடுத்ததில் இதைவிடப் பெரியது எதுவும் இல்லை.

மறுநாள் அம்மாவோடு வீடியோவில் பேசினேன். டெக்லன் கதையையும் இலை கட்டிய கதையையும் அவளிடம் முன்பே சொல்லியிருந்தேன். எனக்குப் பகல், அங்கே வெயில் இறங்கிய நேரம்.

“அந்தப் புள்ள சாப்ட்டானா?” என்றாள்.

“ரெண்டு வாட்டி வாங்கிகினான்மா. அவங்கம்மா இருந்துக்கன்னு வுட்டுட்டுப் போய்ட்டாங்க.”

“நல்லா இருக்கட்டும். தண்ணி எப்ப ஊத்தப் போறீங்க?”

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. அம்மை இறங்கியதும், மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரைத் தலைக்கு ஊற்றுவார்கள். அத்தோடு அம்மா போய்விடுவாள், வாசல் இலையை எடுத்துவிடுவார்கள், வீடு பழையபடி ஆகிவிடும்.

“இதுக்குத் தண்ணி கெடையாதும்மா. மாத்திர ஆயுசுக்கும். அவன் எப்பவும் இப்டித்தான் இருக்கணும்.”

அம்மா போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தாள். “அப்ப கூட இருக்கறவங்களும் எப்பவும் இருக்கணுமே” என்றாள். பிறகு, “உன் படிப்பு முடிஞ்சா?” என்றாள்.

வேலை கிடைத்தால் இருப்பேன் என்று சொல்ல நினைத்தேன். கிடைக்காவிட்டால் வருவேன் என்றும் சொல்ல நினைத்தேன். இரண்டில் எது அவளுக்கு ஆறுதல், எது எனக்கு ஆறுதல் என்று தெரியாமல் இரண்டையும் சொல்லவில்லை. அவளும் வற்புறுத்தவில்லை. “போயும் போயும் பிரிஞ்சி எலையா கட்டி வச்சிருக்கீங்க அம்மாவுக்கு? இரு” என்று போனைக் கையில் பிடித்தபடியே வெளியே நடந்தாள். திரையில் தெரு, வானம், அவள் விரல், மறுபடி வானம். தெருவோர வேம்பில் ஒரு கொத்து ஒடித்து வந்து, போனைத் தங்கையிடம் கொடுத்து, எங்கள் வாசல் நிலையில் செருகினாள். எதிர்வீட்டு அக்கா கேட்கிற குரல் வந்தது.

“இன்னாக்கா, எலை கட்ற? யாருக்கு அம்மா?”

“எம் புள்ள வூட்ல.”

“இதான உம் புள்ள வூடு?”

அம்மா இலை விழாமல் இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தாள். தங்கை எனக்குத் தெரியட்டும் என்று போனைத் தெருவுக்கு எடுத்துப் போய்த் தூக்கிப் பிடித்தாள். தெருவில் நிற்பவன் பார்ப்பதுபோல என் வீட்டை நான் பார்த்தேன். திறந்த கதவு, உள்ளே விளக்கு, அப்பா சொம்பை எடுத்துக்கொண்டிருக்கும் முதுகு, வாசலில் பச்சையாக வேப்பிலை. இனி நான் போய் இறங்கும் நாளில், அந்த இலை இருந்தால், நானும் வெளியிலேயே நின்று கால் கழுவிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.